ஓய்வுபெறும் தேதி முன்கூட்டியே தெரிந்தும் அரசு அலுவலகங்களில் இவ்வளவு காலியிடங்கள் ஏன்?

நியாயமான கேள்வி. ஒருவர் எந்த மாதம் ஓய்வுபெறுவார் என்பது பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படியிருந்தும் அவர் மாலையோடு வீட்டுக்குப் போன மறுநாள், அவருடைய கோப்புகளைக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று பக்கத்து இருக்கைக்காரர் தலையில் கட்டுவார்கள். தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தவன் நான். எங்களுக்குக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. நிதி நெருக்கடி என்று வந்துவிட்டால் முதலில் கலைவது அந்தக் கணக்குதான்.

2001 இறுதியில் புதிய நியமனங்களுக்குத் தடை வந்தது, 2006இல்தான் நீங்கியது. அப்போதைக்குச் சம்பளச் செலவு மிச்சம், சரி. ஆனால் அந்த ஆண்டுகளில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள்தானே இன்று கண்காணிப்பாளர் நாற்காலியில் இருக்க வேண்டும்? எங்கள் அலுவலகத்தில் ஓய்வை நெருங்கியவர்கள் ஒரு கூட்டம், புதிதாக வந்த இளைஞர்கள் ஒரு கூட்டம். நடுவில் ஆளே கிடையாது.

அடுத்தது 2020 மே. ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். ஓய்வுக்காலப் பணப்பலன்களை உடனே கொடுக்க வேண்டாம் என்பதால் கஜானாவுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. விளைவு என்ன? அதுவரை 58 வயதில் ஓய்வுபெற்று வந்தவர்களில் 2020 மே முதல் 2022 ஏப்ரல் வரை வயது முதிர்வால் வெளியே போனவர் யாருமில்லை. நாங்கள் தயாரித்து வைத்திருந்த காலியிட மதிப்பீடு செல்லாக்காசு ஆனது. அப்புறம் 2022 மே 31 அன்று மடை திறந்தது. வழக்கமாகவே மே மாதத்தில்தான் கூட்டம் அதிகம். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே மே, ஜூன் என்று ஒரு பிறந்த தேதியைப் போட்டுவிடுவார். ஜூன் 1 என்று போட்டிருந்தால், விதிப்படி மே 31தான் கடைசி வேலைநாள்!

சரி, இந்த இரண்டும் நடக்காத ஆண்டிலாவது இடம் உடனே நிரம்புமா என்றால், அதுவும் இல்லை. மேலே ஒரு வட்டாட்சியர் ஓய்வுபெற்றால் துணை வட்டாட்சியர் ஒருவர் மேலே போக வேண்டும், அவர் இடத்துக்கு அடுத்தவர். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கித்தான் கடைசிப் படியில் ஓர் இடம் காலியாகும். அந்த இடத்தைத்தான் தேர்வாணையத்துக்குச் சொல்ல முடியும். நடுவில் ஒரு படியில் பதவி உயர்வுப் பட்டியல் தாமதமானாலோ, பணிமூப்பு வழக்கில் தடையுத்தரவு வந்தாலோ கீழே ஒன்றும் நகராது. எதற்கு வம்பு என்று துறைகளும் எண்ணிக்கையைக் குறைத்தே அனுப்பும். ஆளைத் தேர்வு செய்துவிட்டு உட்கார இடமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது யார்?

இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்கு ஆள் எடுக்கும் 2024 குரூப் 4 தேர்வின் அறிவிக்கையில் 6,244 இடங்கள் என்றுதான் போட்டார்கள். தேர்வு முடிந்து, முடிவு வருவதற்குள் அது 9,000த்தைத் தாண்டியது. தேர்வர்கள் கொண்டாடினார்கள். கூடுதலாக வந்தவற்றில் பல, அறிவிக்கை வெளியான நாளிலேயே ஏதோ ஓர் அலுவலகத்தில் காலியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.