குசினிக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை அரிசி, தேங்காய், கரண்ட் பில் பற்றிய கேள்விகளே கூடுதல். பதில்களில் வரும் சில விலைகள் கணக்குக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர்க் கடையில் அன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுப் பாருங்கள்.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். சந்தைக்குப் போனால் அப்படித் தெரியவில்லையே? (களுவாஞ்சிகுடி)

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். உணவை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வந்த சாப்பாட்டுச் சாமான் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 195 ரூபாவாகிவிட்டது. பணவீக்கம் குறைந்தது என்றால் அந்த 195 முன்னைப்போல வேகமாக ஏறவில்லை, அவ்வளவுதான். அது 100க்குத் திரும்பவில்லை. 2024 செப்டெம்பரில் சுட்டெண் முந்திய வருடத்தைவிடக் கீழே வந்தது உண்மைதான், ஆனால் அரை வீதம். தென்னையின் உச்சிவரை ஏறியவன் ஒரு முழம் சறுக்கிய கதை.

வெட்டுக் காலத்தில் நெல்லாக வாங்கி அவித்துக் குற்றினால் மாதாமாதம் கடையில் அரிசி வாங்குவதைவிட இலாபமா? வீட்டில் ஐந்து பேர். (அக்கரைப்பற்று)

இலாபம் உண்டு, ஆனால் நெல் எவ்வளவு காய்ந்தது என்பதிலேயே அது நிற்கும். விலையைப் பேசுவதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள்.

2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலை கிலோ 120 ரூபா. அது 14 வீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லுக்கு. நல்ல நெல் 100 கிலோ அவித்துக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். 120ஐ 0.65ஆல் வகுத்தால் அரிசி கிலோ 185 ரூபா. அவிப்பு, குற்றுக்கூலி, வாகனக்கூலி எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 20 ரூபா என்று வைத்தால் 205. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசு வைத்த உச்ச சில்லறை விலை 230. கிலோவுக்கு 25 ரூபா மிச்சம்.

இனி மெசினில் வெட்டியவுடன் வயலோரத்தில் அதே 120க்கு வாங்கினீர்கள் என்று வைப்போம். ஈரம் 20 வீதம் இருக்கலாம். அந்த 100 கிலோ காய்ந்து 14 வீதத்துக்கு வரும்போது 93 கிலோதான். நெல்லின் உண்மையான விலை அப்போதே 129 ஆகிவிடும். அரிசியாக வரும்போது, கூலியோடு, 218. மிச்சம் கிலோவுக்கு 12 ரூபாதான். அவியல் பிசகிக் குறுணல் கூடினால் அதுவும் போய்விடும். ஆகவே ஈர நெல்லென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஈரம் பார்க்க மீற்றர் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு நெல்லைப் போட்டு, வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மேசைக்கரண்டி போட்டு மூடிக் குலுக்குங்கள். பத்து நிமிடம் வையுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் விழுந்தால் சேமிக்கலாம். பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பதும் சரிதான். காய்ந்த நெல் 'டக்' என்று உடையும், ஈரநெல் நசியும்.

ஐந்து பேருக்கு மாதம் 45 கிலோ அளவில் போகும் என்றால் மூன்று மாதத்துக்கு 135 கிலோ அரிசி, அதற்கு 210 கிலோ நெல். அதற்கு மேல் முதல்தடவையே வாங்க வேண்டாம். முழுவதையும் ஒரேயடியாகக் குற்றவும் வேண்டாம். உமி நெல்லுக்குக் கவசம், குற்றிய அரிசியில்தான் வண்டு சீக்கிரம் ஏறும். அவித்துக் காய்ந்த நெல்லை மாதம் ஒருமுறை தேவைக்குக் குற்றுவியுங்கள்.

அவிக்கும்போது வழக்கமாக நடக்கும் இரண்டு பிழைகள்: பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டுத் தண்ணீரை மாற்றாமல் இருப்பது, அதனால் சோறு மணக்கும். தினமும் தண்ணீர் மாற்றுங்கள். அடுத்தது, அவித்த நெல்லை உச்சி வெயிலில் ஒரே நாளில் காயவைத்து முடிப்பது. வெளியே உலர்ந்து உள்ளே ஈரமாக நின்று அரிசி வெடிக்கும், ஆலையில் பாதி குறுணலாகும். முக்கால் காய்ந்ததும் அள்ளிக் குவித்துச் சாக்கால் மூடி இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, பிறகு மீண்டும் பரப்புங்கள். மூடைகளைத் தரையில் வைக்காமல் பலகையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். வண்டு வந்த அரிசியை வெயிலில் போடாதீர்கள், அதுவும் உடையும். நிழலில் பரப்பினால் வண்டு தானே ஊர்ந்து போகும்.

ஆலையில் தவிட்டையும் குறுணலையும் கேட்டு வாங்க மறக்க வேண்டாம், அவை உங்கள் நெல்லில் வந்தவை. குறுணல் கஞ்சிக்கும் மாவுக்கும், தவிடு கோழிக்கு.

தேங்காய் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஒரு நாளைக்கு ஒன்று போகிறது. குறைக்க வழி? (கல்லடி)

குறைக்க முதல், இருக்கும் காயில் எவ்வளவு வீணாகிறது என்று பாருங்கள். பலர் தேங்காய்ப்பூவை பிரிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு பிழிகிறார்கள். தேங்காய்க் கொழுப்பு 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். குளிர்ந்த பூவில் கொழுப்பு உறைந்து சக்கையிலேயே நின்றுவிடும், தண்ணீர்ப்பால்தான் வரும். கை பொறுக்கிற சூட்டு வெந்நீர் ஒரு கப் விட்டு பத்து நிமிடம் ஊறவிட்டு, பிளென்டரில் அரை நிமிடம் அடித்துத் துணியில் பிழியுங்கள். அதே காயில் முதல் பாலே கெட்டியாக வரும். கொதிநீர் வேண்டாம், கை வெந்தால் ஒழுங்காகப் பிழிய மாட்டீர்கள்.

பாதிக் காயை வைப்பதென்றால் கண்ணுள்ள பாதியை முதலில் பாவியுங்கள், அதுதான் முந்திப் பழுதாகும். ஒரு நாளில் இரண்டு காய் துருவி 100 கிராம் பொட்டலங்களாகத் தட்டையாகக் கட்டி பிரீசரில் வைத்தால், தேவைக்கு ஒன்று மட்டும் எடுக்கலாம். கரண்ட் நீண்ட நேரம் போய் இளகிவிட்டால் அன்றே சமைத்துவிடுங்கள். மீண்டும் உறையவைத்தால் சிக்கு வாடை வரும்.

பிழிந்த சக்கையைக் கொட்டாதீர்கள். பாதிச் சக்கை, பாதிப் புதுப் பூ என்று புட்டுக்குக் கலந்தால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். முழுவதும் சக்கையென்றால் கண்டுபிடிப்பார்கள், புட்டு தொண்டையில் அடைக்கும். சக்கையை மெல்லிய நெருப்பில் பொன்னிறமாக வறுத்து செத்தல் மிளகாய், உப்பு, புளி சேர்த்து இடித்தால் சம்பல் மூன்று நாள் நிற்கும்.

பிறகு கறியைப் பாருங்கள். ஒரே சாப்பாட்டில் பருப்பு, மீன், கீரை மூன்றுக்கும் பால் விட வேண்டியதில்லை. மீனைப் புளியாணமாக்கி, கீரையைச் சுண்டி, பருப்புக்கு மட்டும் பால் விட்டால் ஒரு காய் இரண்டு நாளுக்கு வரும்.

போன மாதம் கரண்ட் 58 அலகு. இந்த மாதம் 63. ஐந்து அலகுக்கு பில் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. மீற்றரில் பிழையா? (கல்முனை)

மீற்றரில் பிழை இல்லை, கட்டணத்தின் அமைப்பு அப்படி. மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு குறைந்த விலை, அடுத்த 30க்கு இன்னொரு விலை. 61ஆவது அலகு விழுந்ததும் அந்த இரண்டு விலையும் இல்லாமல் போய், முதல் 60 அலகும் வேறொரு கூடிய விலைக்கு மாறும். நிலையான கட்டணமும் அடுத்த படிக்கு ஏறும். ஆகவே நீங்கள் கட்டியது ஐந்து அலகுக்கான காசு மட்டுமல்ல, பழைய 58க்குமான வித்தியாசமும்தான். 90, 120, 180 என்ற எல்லைகளிலும் நிலையான கட்டணம் ஏறும், ஆனால் 60இல் விழும் அடிதான் சிறிய வீட்டுக்கு வலிக்கும்.

வாசிப்பு எத்தனை நாளுக்கு என்றும் பில்லில் பாருங்கள். எல்லைகள் 30 நாளுக்கு. 33 நாளுக்கு வாசித்தால் 60 என்பது 66 ஆகக் கணக்கிடப்பட வேண்டும்.

அந்த ஐந்து அலகு எங்கே போனது? எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) வீடுகளில் நாம் முதலில் சந்தேகப்படுவது கிணற்று மோட்டரை. அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 550 வோட் இழுக்கும். நாளுக்கு 20 நிமிடம் கூட ஓடினால் மாதம் ஐந்தரை அலகு. கூட ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வ். மணல் துகள் அதன் மூடிக்குள் சிக்கினால் மோட்டர் நின்றதும் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். அடுத்த முறை காற்றை இழுத்து இழுத்துத்தான் தண்ணீர் ஏறும். மோட்டரை நிறுத்தி அரை மணித்தியாலம் கழித்து மோட்டருக்குத் தண்ணீர் விடும் மூடியைத் திறந்து பாருங்கள். விளிம்புவரை நின்றால் வால்வ் நல்லது. இறங்கியிருந்தால் குழாயைத் தூக்கி மணலைக் கழுவி, றப்பர் தேய்ந்திருந்தால் மாற்றி, வால்வ் கிணற்று அடியிலிருந்து ஓரடிக்குக் குறையாமல் நிற்கும்படி இறக்குங்கள்.

அதன் பிறகு வாரம் ஒருநாள் மீற்றரைக் குறித்துவையுங்கள். வாரத்துக்கு 14 அலகுக்குள் நின்றால் 60ஐத் தாண்ட மாட்டீர்கள். மூன்றாம் வாரமே தாண்டும் போலிருந்தால் இஸ்திரிகையைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க விடலாம்.

பால்மாவா, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் பசும்பாலா மலிவு? (செங்கலடி)

400 கிராம் பைக்கெற்றை லீற்றருக்கு 125 கிராம் கணக்கில் கரைத்தால் 3.2 லீற்றர் பால். பைக்கெற் 1,100 ரூபா என்றால் லீற்றர் 344 ரூபா. பசும்பால் அதைவிடக் குறைவாகக் கிடைத்தால், தண்ணீர் கலக்காதவரிடம் என்றால், பசும்பால்தான். ஆனால் தேநீருக்கு மட்டும் பாவிக்கும் வீட்டில் கணக்கு வேறு: கோப்பைக்கு குவிந்த இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம், போட்டால் பைக்கெற் 40 கோப்பைக்கு வரும். மட்டமாகப் போட்டால் இன்னும் கூட. பசும்பாலில் பாதி திரிந்து வீணாகும் வீட்டுக்குப் பால்மாவே மேல். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இரண்டுமே கொடுக்கக் கூடாது.

மாரியில் மீன் விலை தாங்க முடியவில்லை. கருவாடு நாமே போடலாமா? (வாழைச்சேனை)

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் போடாதீர்கள், மீனும் விலை, வெயிலும் இல்லை. கடல் அமைதியாகி சூடை, கீரி போன்ற சிறு மீன்கள் மலியும் காலத்தில் போட்டு மாரிக்கு எடுங்கள்.

குடல் எடுத்துக் கழுவிய மீன் நான்கு கிலோவுக்கு உப்பு ஒரு கிலோ. பிளாஸ்ரிக் வாளியில் அடுக்கடுக்காகப் போட்டு மேலே பாரம் வைத்து ஓரிரவு விடுங்கள். காலையில் ஒருமுறை அலசி, தரையில் அல்லாமல் உயர்த்திக் கட்டிய வலையில் பரப்பி, மேலே இன்னொரு வலை மூடுங்கள். ஈ முட்டையிடுவது முதல் நாளில்தான், அதனால் விடியற்காலையிலேயே போட்டு அன்று நல்ல வெயில் கிடைக்கப் பாருங்கள். மூன்று நான்கு நாள் ஆகும். பெரிய மீனை வகிராமல் போட்டால் மேலே இறுகி உள்ளே ஈரம் நிற்கும். இரண்டாம் வாரம் முள்ளோரம் சிவந்து நாறுவது அதனால்தான்.

பச்சை மீன் வாங்கும்போதும் ஒருமுறை வீட்டில் சுத்தம் செய்தபின் நிறுத்துப் பாருங்கள். கிலோ 1,000 ரூபா மீன் தலை, குடல், செட்டை போக 600 கிராம் மிஞ்சினால் சட்டிக்குப் போகும் மீன் கிலோ 1,667 ரூபா. துண்டு மீன் கிலோ 1,500க்கு வாங்கி 900 கிராம் மிஞ்சினாலும் அதே 1,667தான். தலையைக் குழம்புக்குப் போடும் வீட்டுக்கு முழுமீன் இலாபம்.

காஸ் சிலிண்டர் முந்தியைப்போல நாள் போவதில்லை. அளவில் குறைக்கிறார்களா? (காத்தான்குடி)

வாங்கும் இடத்திலேயே நிறுக்கச் சொல்லுங்கள். வெற்றுச் சிலிண்டரின் எடை கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். அது 14.2 கிலோ என்றால் நிறைந்த 12.5 கிலோ சிலிண்டர் 26.7 காட்ட வேண்டும். எடை சரியென்றால் அடுப்பைப் பாருங்கள். நெருப்பு மஞ்சளாக எரிந்து சட்டியில் கரி பிடித்தால் துவாரங்கள் அடைபட்டிருக்கின்றன, பேர்ணரைக் கழற்றி ஊசியால் குத்திக் கழுவுங்கள். பயறு, கௌபி இரண்டையும் இரவே ஊறப்போடுங்கள். சட்டி அடியைத் தாண்டி வெளியே எரியும் நெருப்பு குசினியைத்தான் சூடாக்கும்.

கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கிறார்கள், கேட்டால் பில் இல்லை என்கிறார்கள். இறாத்தல் பாணும் சின்னதாகத் தெரிகிறது. (திருக்கோவில்)

கேட்டால் பில் கொடுக்க வேண்டும், விலைப்பட்டியலும் கடையில் தொங்க வேண்டும். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225. கடைத் தராசிலேயே வைத்துப் பார்க்கலாம். கடையின் பெயர், இடம், திகதி, பொருள், வாங்கிய விலை ஐந்தையும் குறித்துக்கொண்டு அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.