மூன்றாம் காலத்துக்கு என்ன அவசரம்?

ஐயா,

வயது 43. ஈரோட்டில் தணிக்கை அலுவலகத்தில் வேலை. ஐந்து வருடங்களில் நீச்சல், புகைப்படம், ஜெர்மன் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு விட்டுவிட்டேன். இப்போது இணையத்தில் வாய்ப்பாட்டு. நான்கு மாதமாகியும் முதல் பாடமான சரளி வரிசையிலேயே நிற்கிறேன். இதையெல்லாம் கற்று இனி யாராகப் போகிறேன்? மனிதன் தன்னை மேம்படுத்திக்கொண்டே இருக்கத்தான் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வயதை விடுங்கள். நீச்சலுக்கும் ஜெர்மனுக்கும் வருத்தப்படவும் வேண்டாம், ஒத்துவராததை விடுவது குற்றமில்லை.

ஆனால் ‘யாராகப் போகிறேன்’ என்ற கேள்வி கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எதைத் தொட்டாலும் நம் ஆட்களுக்கு முதலில் இதுதான் வாயில் வருகிறது. யாரும் ஆக வேண்டாம். நேற்றுவரை காதில் விழாத ஒன்று இன்று விழுந்தால் போதும். சரளி வரிசையில் ‘நிற்கிறேன்’ என்கிறீர்களே, அங்கே என்ன நடக்கிறது என்று ஒருநாளாவது காது கொடுத்தீர்களா?

மாயாமாளவகௌளை ராகத்தை முதல் பாடமாக வைத்தவர், கர்நாடக சங்கீதத்தின் பிதாமகர் எனப்படும் புரந்தரதாசர் என்பது மரபு. வைத்ததில் காரணம் இருக்கிறது. ஸ ரி க ம ப த நி என்றால் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். இந்த ராகத்தில் ஸ-ரி நெருக்கம், ரி-க பெரிய தாவல், க-ம மறுபடி நெருக்கம். பஞ்சமத்துக்கு மேலும் அச்சாக அதே அளவுகள். காந்தாரம் தூரமாயிற்றே என்று பயந்து ரிஷபத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பாடுகிறவர், தைவதத்தையும் ஏற்றுவார். ஒரே தப்பு இரண்டு இடத்தில் மாட்டும்.

தம்புரா செயலியில் உங்கள் சுருதியை, அதாவது உங்கள் ஸ நிற்கும் உயரத்தை, வையுங்கள், ஆண்குரலுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் (C-யிலிருந்து D வரை) இருக்கும். உங்கள் குரல் அதை அமுக்காத அளவுக்குச் சத்தம் வேண்டும். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை. ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல் (இது லகு), பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை (இவை த்ருதங்கள்). முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், அட்சரத்துக்கு (ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு ஸ்வரம், ஏறி இறங்க இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று). இரண்டாம் காலத்தில் ஸ்வரங்களுக்கு இரட்டிப்பு வேகம், ஒரே ஆவர்த்தனம். மூன்றாம் காலத்தில் லகுவிலேயே வரிசை முடிந்துவிடும், த்ருதங்களுக்கு இன்னொரு முறை பாட வேண்டும். கையின் வேகம் எங்கும் மாறக்கூடாது. உங்களுக்கு மாறும், பந்தயம் கட்டுகிறேன்! வாயின் அவசரம் கைக்குத் தொற்றிக்கொள்ளும். அப்படி ஓடினால் ஒரு மாதம் மூன்றாம் காலத்தைத் தொடாதீர்கள். என்ன குடி முழுகிப் போகிறது?

கூடவே கீபோர்டு வாசிக்காதீர்கள். குரல் கீபோர்டின் பின்னால் போகும், காது சோம்பிக் கிடக்கும். கைபேசியில் பதிவு செய்து, இறங்கி வந்து சேர்கிற கடைசி ஷட்ஜத்தை மட்டும் கேளுங்கள். தம்புராவோடு கலக்காமல் துருத்திக்கொண்டு நின்றால், பெரும்பாலும் மூச்சு தீர்ந்து சுருதி இறங்கியிருக்கும். மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் மூச்சு எடுங்கள். இது சரியானபின் அதே வரிசையை அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்று மட்டும், பாடுங்கள். ஸ்வரப் பெயர் என்ற கைத்தடி போனதும் காந்தாரம் தள்ளாடும். தள்ளாடட்டும், வேலையே அங்கேதான்.

பிறகு யாராவது பௌளி ராகம் பாடினால் உட்கார்ந்து கேளுங்கள். ஸ்வரங்கள் உங்களுக்குப் பழகியவைதான். ஏறும்போது மத்யமமும் நிஷாதமும் கிடையாது, இறங்கும்போது மத்யமம் கிடையாது. ராகத்தின் பெயர் தெரியாமலே, காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் இடத்தில் ‘எங்கே அது?’ என்று காது தேடும். புதிய அனுபவம் வேண்டி லடாக் போகிறவர்கள் போகட்டும். உங்களுக்கு அது இப்படியும் கிடைக்கும்.

இணைய வகுப்பைப் பற்றி ஒன்று. ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து பாட முடியாது; ஆசிரியர் பாடி நிறுத்த, நீங்கள் பாட வேண்டும். தம்புரா உங்கள் பக்கம் ஒலிக்கட்டும். காணொளிச் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது தம்புராவையும் இரைச்சல் என்று வெட்டிவிடும், ஆசிரியருக்கு உங்கள் குரல் மட்டும் அந்தரத்தில் கேட்கும். இத்தனை நாளும் அவருக்குச் சுருதி கேட்டதா என்று அடுத்த வகுப்பில் முதலில் விசாரியுங்கள்.