நெஞ்சு படபடப்பது கொழுப்பு எரிவதால் அல்ல

அந்த மெலிவுக் குளிசையை இன்றிரவு விழுங்காதீர்கள். நாளையும் வேண்டாம். "ஒன்றை இரண்டாக்கலாமா டொக்டர்?" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். வயது 29, வீடு வெள்ளவத்தையில், தை மாதம் திருமணம், அதற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. உயரம் 158 சென்டிமீட்டர், எடை இப்போது 64 கிலோ. அழகுநிலையத்தில் புரட்டிய சஞ்சிகையில் "30 நாளில் 10 கிலோ" என்ற திட்டத்தைக் கண்டு சோறு, பாண், இடியப்பம் மூன்றையும் நிறுத்தினீர்கள். பின்னர் தொலைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி "நூறு வீதம் மூலிகை" என்ற குளிசையைத் தருவித்தீர்கள். முடி உதிர்வு, மலச்சிக்கல், இடுப்பில் வெள்ளைக் கோடுகள், தாடைச் சதை, தைரொயிட் பயம் என்று மூன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டே வரிகள்: இரவில் நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, வாய் உலர்கிறது; போன வாரம் பஸ்ஸில் நின்றபடி கோட்டைக்குப் போகையில் கண் இருண்டு கம்பியைப் பற்றிக்கொண்டேன். விற்றவரிடம் கேட்டபோது, "கொழுப்பு எரிகிறது, கழிவு வெளியேறுகிறது, இரண்டாக எடுத்தால் சீக்கிரம் முடியும்" என்றாராம்.

மேசையில் இருந்த மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுத வைத்தவை அந்த இரண்டு வரிகள்தான்.

கொழுப்பு கரைவது மனிதருக்குத் தெரியாது. நீங்கள் தூங்கும்போதும், வேலைத்தலத்தில் கணக்குப் பார்க்கும்போதும் அது சத்தமில்லாமல் கரைகிறது. அதற்காக இதயம் அடித்துக்கொள்வதில்லை, நாக்கு உலர்வதில்லை. பக்கவிளைவு தோன்றியதும் அதையே "மருந்து வேலை செய்கிறது" என்பதற்குச் சாட்சியாக்குகிறார்களே, எடைக் குறைப்பு விளம்பரங்களில் நான் மிகவும் வெறுப்பது இதைத்தான். பத்துக் கிலோ குறையும் என்ற பொய் உங்கள் பணத்தோடு போய்விடும். இந்தப் பொய் உங்களை வைத்தியரிடம் வரவிடாமல் மறித்துவிடும்.

படபடப்பு, வாய் உலர்தல், நித்திரையின்மை, மலச்சிக்கல். இந்த நான்கையும் நீங்கள் நான்கு வெவ்வேறு வருத்தங்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே வருத்தமாகத் தெரிகின்றன. சிபுட்ரமின் என்று ஒரு மருந்து இருந்தது. பசியை அடக்குவதற்காக வைத்தியர்களே எழுதிக்கொடுத்த மருந்து அது. அதன் பக்கவிளைவுகளில் முன்னிற்பவை இந்த நான்கும்தான். அது நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். இதய நோயோ நீரிழிவோ உள்ள ஏறத்தாழ 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை விற்பனையிலிருந்து விலக்கினார்கள். அதன் பிறகு அது மருந்துச் சீட்டில் இல்லை. "மூலிகை" என்று எழுதிய குப்பிகளுக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் மெலிவுக் குளிசைகளையும் மெலிவுக் கோப்பிகளையும் பரிசோதித்து, அட்டையில் பெயரே இல்லாமல் சிபுட்ரமின் கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்துவருகிறது. சிலவற்றில் வைத்தியர்கள் கொடுத்த உச்ச அளவையும் விட அதிகம் இருந்தது. புற்றுநோய் அச்சத்தால் 1999இல் அங்கே கைவிடப்பட்ட பினோல்ப்தலீன் என்ற பேதி மருந்தும் இவற்றோடு சேர்ந்தே அகப்படுகிறது.

உங்கள் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு பரிசோதனைக்கூடம்தான் உறுதியாகச் சொல்லும். ஆனால் ஒரு விடயத்தை யோசியுங்கள். மல்லியும் இஞ்சியும் கொறுக்காய்ப் புளியும் சேர்ந்து ஒருவரின் பசியை இரண்டே நாளில் அடியோடு நிறுத்துமா? "இரண்டாம் நாளே பசி அற்றுப்போனது, அதனால்தான் நம்பினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் நான் நம்பிக்கை இழந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். உட்கார்ந்திருக்கும்போதே நாடி 130. "ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார். பொய் சொல்லவில்லை, பையில் இருந்த பச்சை நிறப் பெட்டியை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. கூட வந்த தாயார்தான், "தம்பி, அந்த மெலியிற சாமானைக் காட்டு" என்றார். அன்று முதல் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "வாயில் என்னென்ன போடுகிறீர்கள், எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்றுதான் கேட்கிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். குப்பியைக் குப்பையில் எறிய வேண்டாம். மிச்சக் குளிசைகள், அட்டை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நாளைக் காலை வைத்தியரிடம் போங்கள். தனியாரிடம் போகக் காசு வேண்டுமே என்று தயங்கினால், களுபோவில வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. ஈசிஜி எடுக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு பார்க்க வேண்டும். பொட்டாசியம் எதற்கு என்று கேட்பீர்கள். மலச்சிக்கலுக்கு நீங்களாகவே வாங்கிக் குடிக்கும் அந்த "மெலிவுத் தேநீர்" இருக்கிறதே, அட்டையில் நிலாவரை என்று போட்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பேதி மருந்து. உணவின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பேதி மருந்து வேலை செய்வது பெருங்குடலில். கொழுப்பில் ஒரு துளி குறையாது. தண்ணீரும் பொட்டாசியமும்தான் போகும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் தாளம் தவறும். ஏற்கெனவே விரட்டப்படும் இதயத்துக்கு அது இன்னோர் அடி. தேநீரையும் இன்றே நிறுத்துங்கள்.

இன்றிரவு ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி எழுதிவையுங்கள். ஓய்வில் 100க்கு மேல் இருந்தால் நாளை போகும்போது அதை முதலில் சொல்லுங்கள். நெஞ்சு இறுகினாலோ, மயங்கி விழுந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் கோணி வாய் குழறினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். "கொஞ்ச நேரம் படுத்துப் பார்ப்போம்" என்று அம்மா சொன்னாலும் கேட்காதீர்கள்.

குளிசையை நிறுத்தினால் சில நாளில் பசி திரும்பும். தராசில் ஒன்றிரண்டு கிலோ ஏறும். பயந்து மீண்டும் குப்பியைத் திறக்கக் கூடாது என்பதற்காகவே இதை முன்கூட்டிச் சொல்கிறேன்.

இனி, நான்கு பக்கமும் எதற்காக எழுதப்பட்டதோ அந்த விடயத்துக்கு வருகிறேன். "எல்லாருக்கும் குறைகிறது, எனக்கு மட்டும் முதல் பத்து நாளில் 3 கிலோ போய் அப்படியே நின்றுவிட்டது; என் உடம்பில்தான் ஏதோ பிழை" என்கிறீர்கள். பிழை உடம்பில் இல்லை, சஞ்சிகையின் கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 10 கிலோவுக்கு 77,000. அதை 30 நாளில் கரைக்க, நாளொன்றுக்கு 2,500 கலோரிக்கு மேல் குறைய வேண்டும். உங்கள் வயதும் உயரமும் எடையும் உள்ள, மேசை வேலை செய்யும் பெண் ஒரு நாள் முழுவதும் செலவழிப்பதே 1,850 அளவில்தான். ஒரு மாதம் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 10 கிலோ கொழுப்பு போகாது. அதை அச்சிட்டவர்கள் பெருக்கிப் பார்த்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் பத்து நாளில் போன 3 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் பாணையும் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து சில நாளில் வெளியேறும், தராசு முள் சடாரென்று இறங்கும். விளம்பரக்காரர் எல்லாரும் "முதல் வாரமே வித்தியாசம் தெரியும்" என்று அடித்துச் சொல்வது இந்தத் தண்ணீரை நம்பித்தான். வயிற்றில் கட்டும் வியர்வைப் பட்டியும் அதே வித்தைதான். ஒரு போத்தல் தண்ணீர் குடித்ததும் எல்லாம் திரும்பிவிடும். அந்த 'முன்னர்', 'பின்னர்' படங்களையும் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முதற்படத்தில் அந்தப் பெண் தோளைத் தொங்கவிட்டு வயிற்றைத் தள்ளி நிற்கிறார். இரண்டாவதில் நிமிர்ந்து, மூச்சை இழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிற்கிறார். ஒரே மத்தியானத்தில் இரண்டையும் எடுத்துவிடலாம்.

சஞ்சிகையில் வந்தது விளம்பரம் அல்ல, கட்டுரை என்று அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். உடற்பயிற்சிச் சஞ்சிகைகளில் இரண்டுக்கும் இடையே சுவர் எப்போதும் உயரமாக இருந்ததில்லை. அமெரிக்காவில் அந்தத் தொழிலை வளர்த்தெடுத்த ஜோ வைடரே சஞ்சிகையையும் அச்சிட்டார், அதில் புகழப்பட்ட புரதமாவையும் விற்றார். கட்டுரையை வாசித்து முடித்ததும் அடுத்த பக்கத்தில் என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள்.

குப்பியின் முகப்பில் இருக்கும் 'கார்சீனியா' என்பது நம்மூர் மீன் குழம்பில் போடும் கொறுக்காய்ப் புளிதான். 1998இல் 135 பேருக்கு 12 வாரம் நடத்திய ஆய்வில், அதன் சாரத்தை எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ. குழம்பில் போடுங்கள், அது நல்லது. சாரமாக இறுக்கி விற்கும் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவை. முடி: மூன்று மாதமாகப் பட்டினி கிடந்தால் உதிரத்தான் செய்யும். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் சில மாதங்களில் முளைக்கும். எண்ணெய்க்குக் காசைக் கொட்டாதீர்கள். வெள்ளைக் கோடுகள் நோயல்ல, அவற்றை விடுங்கள். தாடைச் சதையை மட்டும் கரைக்கும் பயிற்சி உலகத்தில் இல்லை. தைரொயிட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல: அது கூடுதலாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும், சில மெலிவுக் குளிசைகளில் தைரொயிட் சுரப்பியின் பொடியையே கலந்திருக்கிறார்கள். இணையத்தில் வாசித்த அந்தப் பதினொரு நோய்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றில் ஒன்றுகூட உங்களுக்கு இருப்பதாக உங்கள் கடிதம் காட்டவில்லை.

எடை குறைக்கவே தேவையில்லை என்றும் சொல்லமாட்டேன். உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி நம் ஆசிய உடம்புக்கு 23ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், உங்களுடையது 25.6. இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. நான்கு மாதத்தில் 4 அல்லது 5 கிலோ குறையலாம், அதுவும் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டே. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்று எழுதியிருக்கிறீர்கள். அது 40 கிராம் சீனி, 160 கலோரி. அதை விட்டாலே மாதம் அரைக் கிலோவுக்கு மேல் கணக்கில் வருகிறது. பாணைத் தொடப் பயப்படும் நீங்கள் அந்தச் சீனியைப் பற்றி ஒரு வரியும் கவலைப்படவில்லை! சோற்றை மீண்டும் தட்டில் போடுங்கள், பாதியளவு போதும். மிச்ச இடத்தில் கீரை, பருப்பு, மீன் இருக்கட்டும். இரவு கொத்து ரொட்டி வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். ஈசிஜி சரியென்று வைத்தியர் சொன்ன பிறகு, மாலையில் மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டிவரை நடந்து திரும்புங்கள். சொல்வதற்குமுன் வேண்டாம்.

குளிசையை விற்றவரோடு தொலைபேசியில் சண்டை பிடிக்க வேண்டாம். அவர் இன்னொரு விளக்கம் வைத்திருப்பார். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுங்கள். மருந்துகளைப் பதிவு செய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. உங்கள் அட்டையில் பதிவு இலக்கம் எதுவும் இல்லை என்பதை அவர்களுக்கும் எழுதுங்கள். உங்களோடு சேர்ந்து அதே குளிசையை வாங்கிய வேலைத்தலத் தோழிக்கு இன்றே சொல்லுங்கள். அவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களுக்கு முன்பே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

கூறைச் சேலைக்கான சட்டைக்கு இப்போதே இரண்டு அங்குலம் குறைத்து அளவு கொடுத்துவிட்டதாகவும், அது சேராமல் போனால் மாப்பிள்ளை வீட்டார் முன் என்ன செய்வது என்றும் கேட்கிறீர்கள். தையற்காரம்மாவிடம் போய் அந்த அளவை வாபஸ் வாங்குங்கள். திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அன்றைய உடம்புக்கு அளவு எடுத்தால் போதும். பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள்.