கப்பலை மாற்றாதீர்கள், சுமையை இறக்குங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் வைப்பர் மார்க் 3 கப்பல் வைத்திருக்கிறேன். 3ஏ த்ரஸ்டர் (கப்பலைத் தள்ளித் திருப்பும் பாகம்; எண் அளவு, எழுத்து தரம், ஏ உச்சம், இ கடைசி), மிலிட்டரி கவசம், 3இ தரத்தில் இரண்டு ஹல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் (கப்பல் உடலை வலுவாக்கும் பாகம்), சென்சார் முதல் லைஃப் சப்போர்ட் வரை எல்லாமே ஏ தரம். சரக்கறையில் 4 டன் சரக்கும் கிடக்கிறது. மொத்தம் 130 டன். இருந்தும் ஈகிளில் வரும் கொள்ளைக்காரன் பின்னால் ஒட்டிக்கொண்டால் உதற முடியவில்லை. இதைவிடப் பெரிய த்ரஸ்டர் போடலாமா, அல்லது வல்ச்சர் கப்பலுக்கு மாறிவிடட்டுமா? அதுசரி, விண்வெளியில் காற்றே கிடையாதே, அங்கே எடைக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: தம்பி, பெரிய த்ரஸ்டர் போட முடியாது. வைப்பரில் த்ரஸ்டருக்கு உள்ள இடம் 3-ஆம் அளவு. அதைவிடச் சிறியது பொருந்தும், பெரியது பொருந்தாது. 3ஏ-தான் அங்கே உச்சம், அதை ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள். வல்ச்சரும் இப்போது வேண்டாம். கையில் இருக்கும் கப்பலை நீங்கள் இன்னும் சரியாக ஓட்டவே இல்லை என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் பட்டது.

ஈகிள் வளைவதற்கென்றே செய்த கப்பல். வைப்பர் நேராகப் பாய்வதற்குச் செய்தது. அடிப்படை வேகம் ஈகிளுக்கு நொடிக்கு 240 மீட்டர், பூஸ்ட் (திடீர்ப் பாய்ச்சல்) அடித்தால் 350. வைப்பருக்கு 320, பூஸ்டில் 400. ஈகிளோடு வட்டம் சுற்றினால் அவனுக்குப் பிடித்த ஆட்டத்தை நீங்கள் ஆடுகிறீர்கள். பூஸ்ட் அடித்து விலகி, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய், அங்கே திரும்பி முகத்துக்கு முகம் வாருங்கள். வைப்பரின் இரண்டு நடுத்தர, இரண்டு சிறிய துப்பாக்கிகளுக்கு எதிரே ஈகிளிடம் இருப்பவை மூன்று சிறியவை மட்டும். நேருக்கு நேர் மோதினால் கை ஓங்குவது உங்களுக்குத்தான்.

திரும்பும்போது த்ராட்டிலைப் பாருங்கள். வேகமானியில் நடுவே நீல நிறத்தில் ஒரு பகுதி தெரியும். முள் அதற்குள் நிற்கும்போதுதான் கப்பல் மிக வேகமாகத் திரும்பும். முழு த்ராட்டிலில் வைத்துக்கொண்டு மூக்கைத் திருப்பினால் வட்டம் அகன்றுகொண்டே போகும். மாஞ்சோலை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைக்காமல் யாரும் பஸ்ஸைத் திருப்புவதில்லை, இதுவும் அதே கணக்கு. த்ராட்டிலை நீலத்துக்கு இறக்கு, திருப்பு, எதிரி குறிக்குள் வந்ததும் ஏற்று. கை தானாகச் செய்யும்வரை இதைப் பழகுங்கள்.

அடுத்தது பிப், அதாவது கப்பலின் மின்சாரத்தைப் பிரிவுகளுக்குப் பங்கிடும் புள்ளிகள். மொத்தம் ஆறு, ஒரு பிரிவுக்கு நான்குக்கு மேல் போகாது. துரத்தப்படும்போது நான்கை ஈஎன்ஜி (இன்ஜின்) பக்கம் தள்ளினால் உச்ச வேகமும் திரும்பும் வேகமும் சேர்ந்து கூடும், பூஸ்டுக்கான சேமிப்பும் சீக்கிரம் நிரம்பும். சுடும் நேரத்தில் டபிள்யூஇபி (ஆயுதம்) பக்கம் மாற்றுங்கள். ஆறையும் இரண்டிரண்டாகப் பிரித்துவிட்டு, தொடாமலேயே சண்டை முழுவதும் ஓட்டுகிறவர்கள் பலர். நீங்களும் அப்படித்தான் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி எடைக்கு வருவோம். பாகங்களை மாற்றும் அவுட்ஃபிட்டிங் திரையில் த்ரஸ்டரைத் தேர்ந்தெடுத்தால் உகந்த எடை, அதிகபட்ச எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். 3ஏ-வுக்கு அவை 120, 180. கப்பலின் மொத்த எடை 120 டன்னாக இருந்தால் த்ரஸ்டர் நூறு சதவீதம் வேலை செய்யும். 60 டன்னுக்கு இறங்கினால் 116 சதவீதம், 180-க்கு ஏறினால் 96. உங்கள் 130 டன்னில் 98, 99 சதவீதம் கிடைக்கிறது. கப்பலோடு வரும் 3இ த்ரஸ்டரின் அதிகபட்சமே 120 டன் என்பதால், இந்தச் சுமையோடு அது உங்களைக் கிளம்பவே விட்டிருக்காது.

எங்கே குறைப்பது? முதலில் அந்த 4 டன் சரக்கை விற்றுவிடுங்கள். சென்சார் 3ஏ 5 டன், 3டி 2 டன். நெருங்கிச் சண்டை போடும் கப்பலுக்கு டி போதும். லைஃப் சப்போர்ட் 2ஏ இரண்டரை டன், 2டி ஒரு டன். முகப்புக் கண்ணாடி உடைந்தால் டி தரத்தில் ஏழரை நிமிடம் காற்று இருக்கும், பக்கத்து நிலையத்துக்கு ஓட அது போதும். ஹல் ரீஇன்ஃபோர்ஸ்மென்டில்தான் அதிகம் ஏமாந்திருக்கிறீர்கள். 3இ ஒன்று 8 டன், 3டி 4 டன். டி தரம் எடையில் பாதி, காப்பில் கூடுதல்; விலை மட்டும்தான் அதிகம். இரண்டையும் மாற்றினாலே 8 டன் போய்விடும். இவ்வளவும் செய்தால் 113 டன் அளவில் நிற்பீர்கள். மிலிட்டரி கவசத்தைக் கடைசியாக யோசியுங்கள். அதையும் கழற்றினால் இன்னொரு 9 டன் குறைந்து 105 டன்னுக்கு அருகே வரும், த்ரஸ்டர் கிட்டத்தட்ட 103 சதவீதம் கொடுக்கும். ஷீல்டு (கப்பலைச் சுற்றியுள்ள ஆற்றல் காப்பு) போன பிறகும் நின்று அடிக்கிறவர் என்றால் கவசம் இருக்கட்டும்.

நான்கு சதவீதத்துக்கா இத்தனை பாடு என்று கேட்பீர்கள். எடை குறையக் குறைய ஒவ்வொரு டன்னுக்கும் கிடைக்கும் லாபம் கூடுகிறது. 90 டன்னில் 106 ஆகிவிடும். அதைவிட முக்கியமான காரணம், த்ரஸ்டரை டியூன் செய்யப் போகும்போது தெரியும். டெசியாட் நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் பொறியாளர் ஃபெலிசிட்டி ஃபார்சியர் த்ரஸ்டரை மூன்றாம் படிவரை மாற்றிக் கொடுப்பார். அவரிடம் போக ஆய்வுப் பிரிவில் ஸ்கவுட் தகுதியும், கொடுக்க மெட்டா அலாய் என்ற சரக்கு ஒன்றும் வேண்டும். ஐந்தாம் படிக்குப் பேராசிரியர் பாலினிடம் போகலாம். அதற்கு, தொடங்கிய இடத்திலிருந்து 5,000 ஒளியாண்டு தூரம் போய்வந்திருக்க வேண்டும். டர்ட்டி ட்யூனிங் என்ற மாற்றத்தின் ஐந்தாம் படியில் த்ரஸ்டரின் திறன் 40 சதவீதம் கூடும். வேறு எந்தச் செலவும் இதற்கு ஈடாகாது. ஆனால் உகந்த எடை எட்டில் ஒரு பங்கு குறைந்து, 120 டன் 105 ஆகிவிடும். 130 டன் கப்பலில் அதைப் போட்டால் பலனில் ஒரு பகுதி சுமைக்கே போய்விடும். சூடும் மின் தேவையும் ஏறும். வெப்பமானி நூறைத் தாண்டினால் உள்ளிருக்கும் பாகங்கள் சேதமாகத் தொடங்கும். ஆகவே முதலில் எடை, பிறகு டியூனிங்.

காற்றில்லாத இடத்தில் எடைக்கு என்ன வேலை என்றீர்கள். காற்று இல்லாவிட்டாலும் நிறை அப்படியேதான் இருக்கிறது. அதே விசைக்குக் கனமான பொருள் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், மெதுவாகத்தான் திரும்பும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் விகாஸ் இன்ஜினையும் கிரையோஜெனிக் இன்ஜினையும் சோதிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டரில் இறங்குவதற்கு 800 நியூட்டன் இன்ஜின்கள் நான்கு, நிலையைத் திருப்ப 58 நியூட்டன் த்ரஸ்டர்கள் எட்டு எனத் தனித்தனியே இருந்தன. விளையாட்டில் முன்னே தள்ளுவது, பக்கவாட்டில் நகர்த்துவது, திருப்புவது மூன்றையும் ஒரே த்ரஸ்டர் பாகம் பார்த்துக்கொள்கிறது; அதனால்தான் ஒரு இடத்தில் ஏறிய எடை மூன்றையும் கெடுக்கிறது. வேக உச்சவரம்பு மட்டும் இயற்பியலில் இல்லாதது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் சண்டை நடக்க வேண்டும் என்று விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த விதி அது. கப்பலைத் தானாக நிலைப்படுத்தும் ஃப்ளைட் அசிஸ்டை அணைத்தால் போன திசையிலேயே மிதந்துகொண்டு மூக்கை மட்டும் பின்னால் திருப்பிச் சுடலாம். உச்சவரம்பு அப்போதும் போகாது.

வல்ச்சர் நல்ல கப்பல்தான். இரண்டு பெரிய துப்பாக்கிகள், 5-ஆம் அளவு த்ரஸ்டர், அந்தக் கனத்துக்கு அருமையாக வளையும். ஆனால் விலை சுமார் 49 லட்சம் கிரெடிட் (விளையாட்டின் பணம்). வெறும் கப்பலை வாங்கிவிட்டு இ தர த்ரஸ்டரோடு பறந்தால் இப்போது இருப்பதைவிட மோசமாக உணர்வீர்கள். பவர் பிளான்ட் இடம் 4-ஆம் அளவுதான், மின்சாரம் எப்போதும் இழுபறி. வாங்கும் நாளில் ஏ தரத்தில் பவர் பிளான்ட், த்ரஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) மூன்றுக்கும் பணம் வேண்டும். கப்பல் அழிந்தால் மீட்கக் கட்டும் 5 சதவீதமும் கையில் இருக்க வேண்டும். மின்சாரம் பற்றாவிட்டால் சரக்குக் கதவையும் எஃப்எஸ்டியையும் (நட்சத்திரங்களுக்கிடையே தாவ உதவும் இன்ஜின்) கடைசி முன்னுரிமைக்குத் தள்ளுங்கள். துப்பாக்கியை வெளியே எடுக்கும்போது அவை அணைந்து, ஷீல்டும் த்ரஸ்டரும் ஓடும். ஆனால் துப்பாக்கியை உள்ளே இழுத்த பிறகே தாவித் தப்பிக்க முடியும் என்பது நினைவில் இருக்கட்டும்.