பெட்டிக்குள் போன காணிக்கை

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் பொருளாளராக இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, காணிக்கை கொடுக்கும் பொறுப்பை நினைப்பூட்டும் உக்கிராணத்துவ ஞாயிறு வைத்து, காணிக்கை உறுதிமொழிப் படிவம் கொடுக்கிறோம். அன்றைக்கு எல்லாரும் உற்சாகமாக எழுதித் தருகிறார்கள். இரண்டு மூன்று மாதங்களில் அது தணிந்துவிடுகிறது. வருடக் கடைசியில் போதகர் மறுபடியும் பற்றாக்குறையைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. வருடம் முழுவதும் கொடுக்கும் மனம் சபையாரிடம் வளர என்ன செய்வது? வரவில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கச் சொல்லும் தசமபாகப் பிரசங்கத்தை மாதம் ஒருமுறை வைக்கலாமா? கைபேசி வழியாகக் காணிக்கை செலுத்த ஏற்பாடு செய்தால் உதவுமா? அதிகம் கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிக்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். இயேசுவே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, போடுகிறவர்களைப் பார்த்தாரே என்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாகக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் சபையின் சிக்கல் அப்படியே அங்கே இருக்கிறது. எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்கு உதவ, கொரிந்து சபை ஒரு வருடம் முன்பே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டது. அந்த ஆர்வத்தைப் பவுல் மக்கெதோனியரிடம் பெருமையாகவும் சொல்லிவிட்டார். அப்புறம் கொரிந்தில் வேலை அப்படியே நின்றுபோனது. ஏறக்குறைய கி.பி. 55, 56-இல் நடந்த கதை இது. ஆகவே, உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுச் சுணங்குவது உங்கள் சபையாருக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்து அவர்கள்மேல் கசப்படையாதீர்கள்.

கைபேசி ஏற்பாடு செய்யுங்கள், வசதிதான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. தசமபாகப் பிரசங்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிற மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தை எடுக்கிற போதகர், அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கட்டும். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சி சொல்ல வருகிறார் அங்கே. அதைத் தாண்டிக் குதித்துப் பண்டசாலைக்கு மட்டும் போகக் கூடாது.

பெயர் வாசிக்கிற யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருநாள் குடும்பவாரியாகத் தொகை வாசிப்பார்கள். ஒரு வருடம் அப்பாவுக்கு வேலை இல்லை. எங்கள் குடும்பத்தின் பெயரும், முந்தின வருடத்தைவிடக் குறைந்துபோன தொகையும் வாசிக்கப்பட்டபோது, அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஒருநாள் மட்டும் அம்மா கோவிலுக்கு வருவதில்லை. வீட்டில் எது குறைந்தாலும் ஞாயிறு காலையில் முதலில் காணிக்கைக்கு எடுத்து வைத்துவிடுகிறவர் அவர். அவரை ஏன் காணவில்லை என்று கேட்டு யாரும் வரவில்லை. அப்பாவுக்கு வேலை கிடைத்ததா என்றும் யாரும் விசாரிக்கவில்லை. தொகை குறைந்தது சபை முழுக்கத் தெரியும், ஏன் குறைந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள் செய்திருக்க வேண்டிய முதல் வேலை எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதுதான்.

இயேசு பார்த்தாரே என்கிறார்கள் உங்கள் நண்பர்கள். பார்த்தார், உண்மை. ஆனால் பார்த்ததைக் கூட்டத்துக்கு அறிவிக்கவில்லை. இரண்டு காசு போட்ட ஓர் ஏழை விதவையைப் பற்றி, சீஷர்களைக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். பணக்காரர்கள் எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கும் அந்தப் பகுதியில் இல்லை, அந்த விதவையின் பெயரும் இல்லை. மாற்கு சுவிசேஷத்தில் அதற்கு ஒட்டினாற்போல் முந்தின பேச்சே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றியதுதான். இதை வைத்துக்கொண்டு தொகை வாசிக்கலாம் என்று எப்படித்தான் முடிவுக்கு வருகிறார்களோ!

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. உங்கள் கடிதத்தில் கேட்பதைப் பற்றி நிறைய இருக்கிறது. படிவம் கொடுத்துக் கேட்கிறீர்கள், பிரசங்கத்தில் கேட்கிறீர்கள், வருடக் கடைசியில் மறுபடி கேட்கிறீர்கள். கொடுத்த பணம் என்ன ஆனது என்று சபையாருக்கு எப்போது சொல்கிறீர்கள்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வருடாந்தரக் கூட்டத்தில் அச்சடித்த வரவுசெலவுத் தாள் தருகிறோம் என்பீர்கள். அது தணிக்கையாளருக்கு எழுதினது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு அதில் என்ன புரியும்?

பழைய ஏற்பாட்டில், யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வந்துகொண்டே இருந்தது. ராஜாவின் இருபத்துமூன்றாம் வருடம் வரை பழுது அப்படியே கிடந்தது. அப்போது ராஜா ஜனங்களைக் கூட்டி அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை. பணத்தைக் கையாளுகிற ஆசாரியர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு, எல்லாரும் பார்க்கிற இடத்தில் பலிபீடத்தண்டையில் வைத்தார். பெட்டி நிறைந்தால் ராஜாவின் எழுத்தனாகிய சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். எண்ணின பணம் நேராகத் தச்சர்களுக்கும் கொத்தருக்கும் போனது. சுவர் எழும்புவதை எல்லாரும் பார்க்கலாம். ஜனங்களின் மனம் சரியாகத்தான் இருந்தது, வழி அடைத்துக் கிடந்தது.

பவுலும் இதைத்தான் செய்கிறார். எருசலேமுக்கென்று சேர்த்த அந்தப் பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக அவர் சம்மதிக்கவில்லை. தம் உடன்வேலையாளான தீத்துவோடு, சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரனையும் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க நாடுகிறோம் என்று காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டது. "எங்களை நம்ப மாட்டீர்களா" என்று கோபித்துக்கொள்ளும் கமிட்டி உறுப்பினர்கள் இந்த இடத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். உங்கள் கமிட்டியில் அப்படி யாரும் இல்லை என்றால் சந்தோஷம்.

பிற்பாடு நான் சேர்ந்த இன்னொரு சபையில் வயதான ஒரு பொருளாளர் இருந்தார். காணிக்கையை எப்போதும் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேரை வைத்து, அன்றைக்கே எண்ண வைப்பார். வாலிபர்களையும் மாறி மாறி உட்கார வைப்பார், நானும் உட்கார்ந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அறிவிப்பு நேரத்தில் எழுந்து, அரைப் பக்கம் வாசிப்பார். போன மாதம் வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு. அப்புறம், "நீங்கள் கொடுத்ததில் ஒரு பிள்ளை பரீட்சைக் கட்டணம் கட்டினது. ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். மேற்கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தோம்" என்பார். கொடுத்தவர் பெயரும் வராது, வாங்கினவர் பெயரும் வராது. மருத்துவ உதவிக்கென்று வந்த பணத்தைக் கூரைக்கு எடுக்கவே மாட்டார். பணம் குறைந்த மாதத்தில் குறைந்தது என்று அதே குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தச் சபையில் உக்கிராணத்துவ ஞாயிறு என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அவர் வாசிக்கும்போது சின்னப் பிள்ளைகள்கூட அசையாமல் கேட்பார்கள். தான் போட்ட நாணயமும் அந்தக் கூரையில் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் அதை யாரும் தூண்ட வேண்டியதில்லை.

உங்கள் முதல் கேள்விக்கும் பவுலிடமே பதில் இருக்கிறது. நான் வந்த பிறகு பணம் சேர்க்காதிருக்கும்படி, வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கட்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். வாராவாரம், வரவுக்குத் தக்கதாக. வரவு குறைந்தவனுக்கு வெட்கம் இல்லை, கூடினவனுக்குத் தப்பிக்க வழியும் இல்லை. உங்கள் உறுதிமொழிப் படிவத்தில் வருடத் தொகைக்குப் பதில் வாரத் தொகையைக் கேளுங்கள், இடையில் மாற்றிக்கொள்ள இடமும் கொடுங்கள். கொரிந்து சபையும் சும்மா இருந்துவிடவில்லை. பிறகு ரோமருக்கு எழுதும்போது, மக்கெதோனியரோடு அகாயாவிலுள்ளவர்களும் எருசலேமுக்குப் பொருள் உதவி செய்தார்கள் என்கிறார் பவுல். கொரிந்து இருப்பது அகாயாவில்தான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பெயர் வாசிக்கும் யோசனையை நீங்களே எழுந்து மறுத்துப் பேசுங்கள். இந்த மாதக் கணக்கைப் பத்து வரிக்குள், பாட்டிக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பாருங்கள். எழுதினதும் எனக்கும் அனுப்புங்கள், வாசிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்