பிரித்துப் போட்ட இன்ஜினில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது

கேள்வி: அண்ணே, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். 20 மாதம் முன்னாடி கடன் போட்டு 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கு சின்ன டீசல் லோடு வண்டி எடுத்தேன். நானே ஓட்டுறேன். விடியக்காலையில எங்க ஊர் மல்லிகையை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல இறக்குறதுதான் பொழப்பு. 41,000 கி.மீ. ஓடியிருக்கு, வாரண்டி 3 வருஷம், சர்வீஸ் எல்லாம் ஷோரூம்லதான். 30,000 சர்வீஸ் அப்பவே கூலண்ட் குறையுதுன்னு சொன்னேன், அரை லிட்டர் ஊத்தி பில் போட்டாங்க. போன மாசம் செக்கானூரணி தாண்டி வரும்போது பவர் குறைஞ்சு, சத்தம் வந்து இன்ஜின் நின்னுபோச்சு. டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை. ஷோரூம்ல என்னைக் கேக்காமலே இன்ஜினைப் பிரிச்சுட்டு, "கூலண்டுக்குப் பதிலா தண்ணி ஊத்தி ஓட்டியிருக்கீங்க, ஹெட்டும் பிஸ்டனும் போச்சு, வாரண்டி கிடையாது, 94,000 ஆகும்"னு வாயால சொல்றாங்க. வண்டியை எடுக்கலைன்னா தினமும் 300 ரூபா பார்க்கிங்காம். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தடவை வழியில ஒரு லிட்டர் தண்ணி ஊத்தினது உண்மை. தவணை ஓடுது. என்ன செய்ய?

பதில்: தம்பி, பணம் கட்டாதீர்கள். கோபத்தில் வண்டியை இழுத்துக்கொண்டு வெளியேயும் வந்துவிடாதீர்கள். பிரித்துக் கிடக்கும் அந்த ஹெட் (இன்ஜினின் மேல்மூடி), பிஸ்டன், வாட்டர் பம்ப், கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) எல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும், அதுதான் இன்றைக்கு முக்கியம். மேலூரிலிருந்து ஒருவர் சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பிரச்சினையோடு என்னிடம் வந்தார். அவர் வருவதற்குள் பில்லைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டார், பழைய ஹெட் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன், ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாததால் என்னால் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

உங்கள் கடிதத்திலேயே பெரிய ஆயுதம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். 30,000 கி.மீ. சர்வீஸ் பில்தான் அது. கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம், ஓடுகிற பாதை மூடிய பாதை. ரேடியேட்டர், ஹோஸ், இன்ஜின் பிளாக், ஹெட், திரும்ப ரேடியேட்டர் என்று அதே கூலண்ட்தான் சுற்றிச் சுற்றி வரும். டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. டேங்கில் மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வண்டிக்காரர் வந்து குறைகிறது என்று சொல்கிறார், ஷோரூம்காரர்கள் அரை லிட்டர் ஊற்றிக் காசும் வாங்குகிறார்கள், அப்படியென்றால் பிரஷர் டெஸ்ட் பம்பைப் போட்டு எங்கே கசிகிறது என்று பார்த்திருக்க வேண்டாமா? கால் மணி நேர வேலை அது. அந்த பில்லையும், வண்டியை விடும்போது குறைகளை எழுதும் அன்றைய ஜாப் கார்டையும் இன்றே போட்டோ எடுத்து, ஒரிஜினலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். ஷோரூமில் யார் கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள்.

அடுத்து அந்த முள். "சூடு ஏறியிருந்தால் முள் காட்டியிருக்குமே, நீங்கள் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று உங்களை மடக்கப் பார்ப்பார்கள். டெம்பரேச்சர் சென்சார் கூலண்டுக்குள் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். கூலண்ட் மொத்தமாக வற்றிப்போய் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் பாதியில் நிற்கும், சில வண்டிகளில் கீழே கூட இறங்கும். ஆக, முள் ஏறவில்லை என்று நீங்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கூலண்ட் முழுக்க வெளியே போய்விட்டது என்பதோடுதான் அது பொருந்துகிறது. 20 மாத வண்டி, பிஎஸ்6 மாசு விதிப்படி வந்தது என்பதால் அதன் கம்ப்யூட்டரான இசியூவில் கோளாறுக் குறியீடுகளும் அந்த நேரத்துச் சூடு, ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) போன்ற கணக்கும் பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. வண்டி வந்த அன்று எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரின்ட் கேளுங்கள். எடுக்கவே இல்லை என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சரி, தண்ணீர் ஊற்றித்தான் கெட்டதா? இதை அவர்கள் வாயும் தீர்மானிக்க வேண்டாம், என் வாயும் தீர்மானிக்க வேண்டாம், அந்த இரும்பே சொல்லும். உங்களுக்குத் தெரிந்த நல்ல டீசல் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், எதையும் தொடாமல், கழுவ விடாமல், பகல் வெளிச்சத்தில் போட்டோவும் வீடியோவும் எடுங்கள். மாதக்கணக்கில் வெறும் தண்ணீரில் ஓடிய இன்ஜின் என்றால் ஹெட்டிலும் பிளாக்கிலும் கூலண்ட் ஓடும் ஓட்டைகளில் துருவோ அரிப்போ இருக்கும். அதுவும் நம் பக்கத்து போர் தண்ணீர் என்றால் கெட்டில் அடியில் படிவது போல வெள்ளை உப்புப் படிவு தெரியும், தெர்மோஸ்டாட் பொருந்தியிருக்கும் கூட்டிலும் ரேடியேட்டர் வாயிலும் அது ஒட்டியிருக்கும். அந்த இடமெல்லாம் சுத்தமாக, கூலண்டின் நிறத்தோடு இருந்தால் "தண்ணி ஊத்தி ஓட்டினான்" என்ற கதை அங்கேயே நின்றுவிடும்.

பிறகு கசிவைத் தேடுங்கள். வாட்டர் பம்ப்பின் கீழ்ப்பக்கம் பொட்டு அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளே சீல் போனால் கூலண்ட் அந்தத் துளை வழியாகத்தான் சொட்டும், காய்ந்த பிறகும் நிறத்தோடு கோடு நிற்கும். ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரம் எல்லாவற்றிலும் அதே கோட்டைப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் விழவில்லை என்றால் உள்ளே போயிருக்கிறது, ஹெட் கேஸ்கெட் வழியாகவோ இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிரவைக்கும் பாகம்) வழியாகவோ. கேஸ்கெட் வழியாக ஒரு சிலிண்டருக்குள் கூலண்ட் கசிந்துகொண்டிருந்தால் அந்த ஒரு பிஸ்டனின் தலை மட்டும் ஆவியில் கழுவின மாதிரி சுத்தமாக இருக்கும், பக்கத்துப் பிஸ்டன்களில் கரி அப்பியிருக்கும். என் அனுபவத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசும் அடையாளம் வேறு இல்லை, அதனால் எல்லாப் பிஸ்டன்களையும் வரிசையாக வைத்து ஒரே படத்தில் எடுங்கள். கேஸ்கெட்டில் எந்த இடத்தில் கருகி வழி விட்டிருக்கிறது என்பதற்கும் கிட்டத்தில் ஒரு படம் வேண்டும். ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் ஆயிலும், மிச்சம் இருந்தால் கூலண்டும் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. கிராங்க் பேரிங்கையும் (ஆயிலை நம்பிச் சுழலும் பாகம்) படம் எடுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் "ஆயில் மாத்தல, அதான் போச்சு" என்று நாளைக்குக் கதை மாறும்போது பதில் சொல்ல அது உதவும், கதை மாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு லிட்டர் தண்ணீரை மறைக்காதீர்கள், எங்கே கேட்டாலும் ஊற்றினேன் என்றே சொல்லுங்கள். வேறு வழியில்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றலாம் என்று பல வண்டிகளின் கையேடே சொல்கிறது. ஒரு தடவை ஒரு லிட்டர் சேர்ந்தால் கூலண்ட் கொஞ்சம் நீர்த்துப்போகும், அதனால் இரண்டு மாதத்தில் ஹெட் வளையாது. குறைந்துகொண்டே வந்ததால்தான் ஊற்ற வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தவறு உங்கள் பக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கே வண்டியை மறுபடி ஷோரூமில் விட்டு, கசிவு இருக்கிறது என்று ஜாப் கார்டில் எழுத வைத்திருக்க வேண்டும்.

இப்போது கடிதம். ஷோரூம் பெயருக்கு ஒன்று, தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அதே நகல் ஒன்று, ஸ்பீடு போஸ்டிலும் இமெயிலிலும். பெரிய ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். வண்டி எண், சேஸிஸ் எண், வாங்கிய தேதி, 30,000 சர்வீஸில் சொன்னது, நின்ற நாள், என் சம்மதம் இல்லாமல் இன்ஜின் பிரிக்கப்பட்டது, இவ்வளவையும் வரிசையாக எழுதுங்கள். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: இன்ஜின் எதனால் கெட்டது என்று எழுத்தில் காரணம், வாரண்டியை எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று அந்த விதியின் எண், நான் தண்ணீர் ஊற்றி ஓட்டினேன் என்பதற்கு நீங்கள் எடுத்த சோதனையின் ரிப்போர்ட், கழற்றிய பாகங்களை அப்படியே பாதுகாத்து வைப்பதற்கான உறுதி. 15 நாள் கெடு கொடுங்கள். பார்க்கிங் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்: என்னைக் கேட்காமல் நீங்கள் பிரித்துப் போட்ட வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போக முடியாது, ஆகவே இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை. வாயால் வாரண்டியை மறுக்கிற பல இடங்களில், காரணத்தை எழுத்தில் கேட்டதும் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வந்து பார்க்கிறேன் என்பார். வந்தால் நல்லதுதான், பேசுங்கள், ஆனால் அவர் சொன்னதை அன்றே இமெயிலில் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று திருப்பி அனுப்பிவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் ஒரு புகாரைப் பதிந்துவைக்கலாம். அதற்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை, நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்குள் வரும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம், ஷோரூம் இரண்டையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள், ஒன்றை விட்டால் மற்றது "அது அவர்கள் பொறுப்பு" என்று கையை நீட்டும்.

உங்களைப் போன்றவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. "இது வியாபார வண்டி, இவர் நுகர்வோரே இல்லை" என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கிற வாதம். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்ற விளக்கமும் அதே பிரிவில், 2(7)இல், இருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவரும் லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் அது மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருக்கிறது. கோவை பிஎஸ்ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கு அது. அதனால் புகாரின் முதல் பத்தியிலேயே "எனக்கு இருப்பது இந்த ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன், இதுதான் என் குடும்பத்தின் பிழைப்பு" என்று எழுதிவிடுங்கள், லைசென்ஸ் நகலையும் இணையுங்கள்.

புகாரோடு சேர்த்தே, பாகங்களை நிபுணரை வைத்துச் சோதிக்க உத்தரவிடும்படி 38(2)(சி) பிரிவைக் காட்டி ஒரு மனுவும் கொடுங்கள். இதை ஆறு மாதம் கழித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்குள் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். புது வண்டி வேண்டும் என்று கேட்காதீர்கள். பாகத்தை மாற்றித் தருவதாக வாரண்டி இருக்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006இல் மாருதி சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கெட்டுப்போன பாகங்கள் எல்லாம் இலவசமாக மாற்றப்பட வேண்டும், அல்லது முழு இன்ஜின், அதற்குப் புதிதாக வாரண்டி, வண்டி நின்ற நாள்களின் வருமான இழப்பு, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். வருமான இழப்பை வாயால் சொன்னால் நிற்காது. பூக்கடை கமிஷன் மண்டியில் போன மூன்று மாதச் சீட்டுகளை வாங்கி வையுங்கள், இப்போது வாடகை வண்டியில் பூ அனுப்பினால் ஒவ்வொரு நடைக்கும் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை, வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் வழக்கே குழம்பிவிடும்.

வழக்கு முடிகிற வரை வண்டி இல்லாமல் இருக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் எனக்குப் புரிகிறது. பனி விழுந்து வரத்து குறைந்து மல்லி விலை எகிறும் மார்கழி, தை மாதத்தில் வண்டி நிற்பது எவ்வளவு பெரிய அடி என்று தெரியாதவன் இல்லை. அப்படி ஒரு கட்டாயம் வந்தால், படங்கள் எடுத்து முடித்து, கடிதமும் போன பிறகு, "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டுங்கள். வண்டியை வாங்கும்போது நீட்டுகிற திருப்திப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். பழைய ஹெட், கேஸ்கெட், பிஸ்டன், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, என்னென்ன பாகம் என்று அவர்களிடமே பட்டியல் எழுதி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆணையம் நிபுணரை அனுப்பினால் அவர் பார்க்கப்போவது அந்தச் சாக்கைத்தான். படங்களை எடுத்ததும் அனுப்புங்கள், பிஸ்டன் வரிசை முதலில்.