கனவு என்று தெரிந்தே கனவு காண்பது நோயா?

கேள்வி: எனக்கு வயது 23. பள்ளியில் படித்த காலத்திலிருந்தே, விடியற்காலையில் வரும் கனவுகளில் 'இது கனவுதான்' என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. சில சமயம் நினைத்த பக்கம் பறக்கவும் முடிகிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி வரும். போன மாதம் ஒருநாள் கண் விழித்த பிறகும் கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அமுக்குவான் பேய், மந்திரிக்க வேண்டும் என்கிறார் பாட்டி. மூளையில் ஏதாவது கோளாறா? இந்தக் கனவுகளை நிறுத்த வேண்டுமா, இல்லை அடிக்கடி வரவைத்துக்கொள்ளலாமா?

பதில்: கோளாறு இல்லை. லூசிட் ட்ரீம் எனப்படும் இந்தக் கனவு எந்தப் பயிற்சியும் இல்லாமல் பலருக்குத் தானாகவே வருகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கணக்கின்படி, சுமார் 55 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைக் கண்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் சுமார் 23 சதவீதம். நீங்கள் அவர்களில் ஒருவர்.

விடியற்காலையில் வருவதற்குக் காரணம் உண்டு. நம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. கனவுகள் செறிவாக வரும் ரெம் உறக்கம் முதல் சுற்றில் சில நிமிடங்கள்தான், கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளலாம். அந்த நேரத்தில் மூளையின் பெரும்பகுதி விழிப்பில் இருப்பதுபோலவே சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் சரி, தவறு பார்க்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும் அடங்கியிருக்கும். இறந்துபோன தாத்தா கனவில் வந்து காபி கேட்டாலும் நமக்குச் சந்தேகமே வராதது அதனால்தான். லூசிட் கனவில் அந்தப் பகுதி ஓரளவு விழித்துக்கொள்கிறது, உடல் உறக்கத்திலேயே இருக்கிறது.

இது பிரமையல்ல என்பதற்குச் சான்று இருக்கிறது. 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் செய்த சோதனையில், தூங்கிக்கொண்டிருந்தவர் கனவுக்குள்ளிருந்தே, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். 2021-ல் வெளியான ஆய்வில், உறக்கத்தில் இருந்தவரிடம் '8-லிருந்து 6 போனால்?' என்று கேட்க, கண்ணசைவிலேயே 2 என்று பதில் வந்தது. கண்ணால் மட்டும் பதில் சொல்ல வேண்டியிருப்பது ஏனென்றால், ரெம் உறக்கத்தில் கண் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் தவிர மற்ற தசைகள் கிட்டத்தட்ட செயலிழந்திருக்கும். கனவில் ஓடும்போது நிஜத்தில் எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

உங்கள் பாட்டி சொல்லும் அமுக்குவானும் இந்த ஏற்பாட்டின் விளைவுதான். நினைவு திரும்பிவிட்டது, தசைக்கட்டு இன்னும் அவிழவில்லை, அவ்வளவுதான். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க முடியாமல் நெஞ்சு கனக்கும். உதரவிதானம் வேலை செய்வதால் மூச்சு நிற்காது. சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் தானாக விலகிவிடும். எழ முயன்று திமிறினால் பயம்தான் கூடும். அதற்குப் பதில் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுப்பதும், தூக்கம் கெட்ட இரவுகளும், நைட் ஷிஃப்டும் இதை வரவழைக்கும். ஒருக்களித்துப் படுங்கள். பாட்டியிடமும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அவருக்கும் பயம் போகும்.

நிறுத்தத் தேவையில்லை. அடிக்கடி வரவைக்க விரும்பினால் செய்யலாம், ஆனால் தூக்கத்தை விலையாகக் கொடுத்து வேண்டாம். தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு வைத்து, விழித்தவுடன் அசையாமல் கனவை நினைவுபடுத்தி எழுதுங்கள். கனவே நினைவில் நிற்காதவருக்கு மற்ற முறைகள் பலிப்பது கடினம். பகலில் சில முறை வாயை மூடி, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பாருங்கள். பழகிவிட்டால் கனவிலும் இதைச் செய்வீர்கள். அங்கே மூச்சு தாராளமாக உள்ளே போகும், அதை வைத்தே இது கனவு என்று தெரிந்துகொள்ளலாம். பலருக்கு இது பலிக்காததற்குக் காரணம், கடமைக்குச் செய்வதுதான். 'இப்போது கனவிலா இருக்கிறேன்?' என்று உண்மையிலேயே சந்தேகப்பட்டுச் செய்ய வேண்டும்.

இதைவிடப் பலனுள்ள முறை ஒன்று உண்டு. தூங்கி 5 மணி நேரம் கழித்து அலாரம் வைத்து எழுந்து, 10 நிமிடம்போல விழித்திருங்கள், மொபைலைத் தொடாதீர்கள். சற்று முன் வந்த கனவை நினைத்தபடி, 'அடுத்த கனவில் இது கனவு என்று கண்டுபிடிப்பேன்' என மனதுக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி தூங்குங்கள். சீக்கிரம் தூங்கிவிடுபவர்களுக்குத்தான் இது நன்றாகப் பலிக்கிறது. அரை மணி நேரம் புரண்டுகொண்டிருந்தால் உங்களுக்கு இது ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள். கனவு என்று தெரிந்த உற்சாகத்திலேயே விழிப்பு வந்துவிடுவதும் உண்டு. அப்போது கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்தால் கனவு கலையாமல் நிற்க உதவும். இந்த அலாரம் முறையை மறுநாள் விடுமுறையாக உள்ள இரவில் மட்டும் செய்யுங்கள். மொத்தத் தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

ஆன்லைனில் இதற்கென விற்கும் கேலன்டமின் மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். அது அல்சைமர் நோய்க்கான மருந்து. வாந்தி வரும், இதயத்துடிப்பைக் குறைக்கும். ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் போன்ற மனநலப் பாதிப்பு உள்ளவர்களும், விழித்திருக்கும்போதே எது நிஜம் எனக் குழம்புபவர்களும், தூக்கமின்மையால் அவதிப்படுபவர்களும் இந்தப் பயிற்சிகள் பக்கமே போக வேண்டாம். மன அழுத்த மருந்துகளும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும் கனவுகளைத் துல்லியமாக்கலாம். அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். இரவு போதுமான அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருகிறதா? வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவள்கிறதா, தாடை தொங்குகிறதா? நார்கோலெப்ஸி என்ற நோயில் இவற்றோடு லூசிட் கனவும் அமுக்குவானும் அடிக்கடி வரும். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் இல்லை. இனி தென்பட்டால், படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம் எல்லாவற்றையும் இரண்டு வாரம் குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இரவுத் தூக்கப் பரிசோதனையும் மறுநாள் பகல் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள்.